ஜன்னல் முறை

அந்தச் சலவை ஆலைக்குள் காலையில் நுழைந்தால் மேகத்துக்குள் நுழைந்த மாதிரிதான். ஆஸ்பத்திரி விரிப்புகள் உயரக் கொடிகளில் மெல்ல ஆடும். நீராவிக்குள் ஒரு முகம் தெரியும், கரையும், அப்புறம் அதே இடத்தில் வேறொருத்தியின் முகம் வரும். பெரியவள் அங்கே சூப்பர்வைசராகிச் சில மாதங்கள்தான். கால் இன்னும் தரையில் பாவவில்லை.

எல்லோருக்கும் கண் ஒரே இடத்தின் மேல். இஸ்திரி உருளைப் பக்கம் நின்றால் உடம்பு வெந்துபோகும். ஜன்னலடியில் நின்று மடித்தால் காற்று வரும். அதனால் வாரம் ஒருத்தி என்று முறை வைத்திருந்தார்கள். யாருக்கு என்பதைத் திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வந்த வினை, அவளுடைய தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். தங்கையின் முறை முதல் தடவை வந்தபோது பெரியவளுக்கு நாக்கு எழவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே! முறையைத் தூக்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

"சொந்தத் தங்கச்சின்னுகூடப் பாக்கல பாரு, தங்கமான மனுஷி!"

இந்தப் பேச்சு நீராவியோடு நீராவியாக ஆலை முழுக்கச் சுற்றியது. பெரியவள் அதற்குள் மிதந்தாள். அடுத்த தடவையும் அதையே செய்தாள். நேர்மை இத்தனை சுகமான சமாசாரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சுகம் அவளுக்கு, வேர்வை தங்கைக்கு. அம்மணி அதைத்தான் கவனிக்கவில்லை.

மூன்றாம் தடவை தங்கையே உருளையை விட்டு வந்து எதிரில் நின்றாள். கை முழுக்க வேர்க்குரு.

"இந்த வாரம் யாருக்குக்கா?"

"பொறுத்துக்கோடி. நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேரும் ஜன்னல்ல நின்னாச்சு. உனக்கு நல்ல பேரு வேணும்னா உன்னோடதை எடுத்துக் குடு. என்னோடதை எதுக்குக் குடுக்கறே?"

சுற்றி வேலை செய்த கைகள் நின்றன. பெரியவளுக்கு யாரோ உலுக்கி எழுப்பிய மாதிரி இருந்தது.

"சரி, இந்த வாரம் ஜன்னலை உனக்குத் தர்றேன்."

தங்கை நகரவில்லை. "தர்றியா? இல்ல, அது என் முறையா?"

பெரியவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உன் முறைதான்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "போன ரெண்டு தடவையும் உன் முறைதான். நான் எடுத்துக் குடுத்தது தப்பு."

தங்கை தலையை ஆட்டினாள். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேற இடத்துல வேலைக்குச் சொல்லியாச்சுக்கா. இந்த முறைய மட்டும் நின்னுட்டுப் போறேன்."

வெள்ளை விரிப்புகளை விலக்கிக்கொண்டு அவள் ஜன்னலடிக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கத் தங்கை காற்றில் நின்று நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள்.