கண்ணுக்குத் தப்பிய கடுகளவு

அண்ணி வேதியியல் ஆராய்ச்சியாளர். நாத்தனார் கால்நடை அறுவை மருத்துவர். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

புற்றுக்கட்டியில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயம் ஒன்றை அண்ணி உருவாக்கியிருந்தாள். அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று உள்ள கேமராவுக்குத்தான் தெரியும். உயிருள்ள எலிகளில் பார்த்தாகிவிட்டது. இப்போது மேசைமேல் மயக்கத்தில் கிடந்தது ஒரு டாக்ஸி ஓட்டுநரின் நாய். தொடையில் எலுமிச்சை அளவுக் கட்டி. முந்தின நாளே ஊசியில் சாயம் ஏற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஓட்டுநர், காலை எடுக்காமல் விட்டால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கட்டி பளிச்சென்று எழுந்தது. சுற்றியிருந்த சதை கறுப்பாகவே கிடந்தது. அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முகக்கவசத்துக்குள் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

"ஆடாம நில்லுங்க அண்ணி, மேசையும் சேர்ந்து ஆடுது" என்றாள் நாத்தனார்.

கட்டி முழுதாக வந்தது. தைக்கும் முன் மறுபடி விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். தசைக்கு அடியில் கடுகளவு வெளிச்சம் மிச்சமிருந்தது.

நாத்தனார் விரலால் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. சாயம் ரத்தத்தோடு கசிந்து தேங்கியிருக்கும் என்றாள். அண்ணிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எலிகளில் ஓரிரு முறை அப்படி ஏமாந்ததுண்டு. தன் சரக்கை நம்பி ஒரு நாயின் சதையை வெட்டச் சொல்வதா? உப்புநீர் விட்டுக் கழுவச் சொன்னாள். கழுவியும் வெளிச்சம் அசையவில்லை.

"கசிஞ்சதா இருந்தா இதுல போயிருக்கும். எடுத்துடு."

நாத்தனார் அதையும் வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

முடிவு வரும்வரை வீட்டில் பாடு அண்ணனுக்குத்தான். குழம்பில் உப்பில்லை என்றார். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. தானே எழுந்து போட்டுக்கொண்டார்.

கடைசியில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, அது புற்றேதான். விட்டிருந்தா மறுபடி வளர்ந்திருக்கும்."

ஆய்வுக்கூடத்தில் அண்ணி நின்ற இடத்திலேயே குதித்த குதியில், ஏதோ உடைந்துவிட்டதென்று பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

தையல் பிரிக்க வந்த நாய், நாலு காலில் ஓட்டுநரை இழுத்துக்கொண்டு வந்தது. திரையில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் நாயின் மூஞ்சி எங்கே என்று கேட்டார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் போனதும் நாத்தனார் சொன்னாள்: "அடுத்தது ஒரு பூனை. எப்ப வரீங்க?"

அண்ணி ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.