சரிவில் கிடந்த நத்தை ஓடு

சுடலைராஜ் அண்ணாச்சியின் கரட்டுச் சரிவில் மண் அரிப்பே இல்லை என்று என் ஆய்வு முடிவு சொன்னது. ஆனால் சரிவின் உச்சியில் பாறை பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அணுகுண்டுச் சோதனைகள் நடந்த காலத்தில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு இறங்கி, உலகம் முழுக்க மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. மேல்மண் கரைந்த இடத்தில் அது குறைந்திருக்கும். குழாய் இறக்கி மண் எடுத்து அதைத்தான் அளந்தேன். குருவிகுளம் பக்கம் இந்த வருடம் ஒரே ஒரு சரிவுக்குத்தான் மண்ணைத் தடுக்க அரசு கல்வரப்பு கட்டித் தரும். வரப்பு வராவிட்டால், வருகிற ஐப்பசி மழையில் அண்ணாச்சிக்கு மிச்சமிருப்பதும் போய்விடும்.

"அரிக்காத நிலத்துக்கு வரப்பு எதுக்கு மேடம்?" பொறியாளர் சௌந்தரபாண்டியன் ஜீப்பில் ஏறிவிட்டார். சங்கரன்கோவில் ஆபீசுக்குப் போனதும் வரப்புக்கு வேறு ஊரின் பெயரை எழுதிவிடுவார்.

நான் பழைய குழாய்க் குழியின் பக்கத்தில் மண்டியிட்டு விரலால் தோண்டினேன். வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. நத்தை ஓடு. குளத்து நத்தைக்கு மேட்டில் என்ன வேலை?

"அண்ணாச்சி, இது எப்படி இங்க வந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். அவர் மனைவி பேச்சித்தாய்தான் வாயைத் திறந்தார்.

"மண்ணு பாக்க வாராவன்னு சொன்னாவ. மொட்டைப் பாறையவா காட்டுதது? வீட்டுக்கு ஆளு வந்தா தரைய மெழுகுதோம்லா? அதான் குளத்துக் கரம்பை ரெண்டு டிராக்டர் அடிச்சுப் பரத்துனோம்."

"சும்மா இருட்டி!" என்றார் அண்ணாச்சி.

மார்க் போடுகிற பரீட்சை என்று நினைத்து நிலத்துக்குப் பவுடர் பூசியிருக்கிறார்கள். குளத்து வண்டலில் சீசியம் கொட்டிக் கிடக்குமே! அதைத்தான் அளந்திருக்கிறேன்.

"சார், என் முடிவு தப்பு. இது வேற மண்ணு."

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? எதைக் கண்டு நம்பச் சொல்லுதிய?" ஜீப் உறுமியது.

வேலியோரம் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். 'என் காட்டு மண்ணுக்கு ஈடு உண்டா?' என்று இவர்களிடம்தான் அண்ணாச்சி மார்தட்டியிருக்கிறார். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்றே பயந்தேன்.

"நில்லுங்க சார்!"

மம்பட்டியை எடுத்து ஓங்கி இழுத்தார். கறுப்பு மண் ஒதுங்கியது. அடுத்த வெட்டு சரளைக்கல்லில் மோதியது. நாலடி தள்ளி வெட்டினார். அங்கேயும் சரளை.

"இம்புட்டுதான் சார் என் நிலம்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

சௌந்தரபாண்டியன் ஜீப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சரளையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "மறுபடி மண்ணு எடுங்க மேடம். அதுவரைக்கும் யாரு பேரும் எழுதல."

அண்ணாச்சி ஒரு பிடி கரம்பையை அள்ளினார். "குளத்துக்கு இது எங்கன இருந்து வந்துச்சு?"

"இந்தச் சரிவுகள்ல இருந்துதான் அண்ணாச்சி. உங்க மண்ணும் அதுல இருக்கு."

"அப்போ எம் மண்ணையே டிராக்டருக்கு வாடகை குடுத்துக் கொண்டாந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கரம்பையைக் கீழே போடாமல் வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

"குழாய எங்கன இறக்கணும்? காட்டும்மா."