நிறைஞ்சிருக்கு

துணி துவைக்கிற மெஷினுக்கு அடியில், வலது மூலையில், ஒரு சின்னக் கதவு இருக்கிறது என்பதே அவனுக்கு மனைவி போன பிறகுதான் தெரியும். தண்ணீர் வடியாமல் மெஷின் மக்கர் பண்ணிய அன்று மாடிவீட்டுக்காரர் வந்து குனிந்து காட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒரு வடிகட்டி. அதைத் திருகிக் கழற்றினால் அழுக்குத் தண்ணீர், நூல் பிசிறு, சட்டைப் பொத்தான், பிறகு முடி. நீளமான முடி. மகளுக்குப் பின்னிவிடத் தெரியாமல் தோளுக்கு மேலே வெட்டிவிட்டிருந்தான், தன் தலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வீட்டில் அவ்வளவு நீள முடி ஒருத்திக்குத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கதவின் முன்னால் மண்டியிடுவது அவன் வழக்கமாகிவிட்டது. மாதக்கணக்காகியும் முடி வருவது நிற்கவில்லை. எந்தச் சட்டையின் மடிப்பில், எந்தப் போர்வையின் தையலில் ஒளிந்திருந்து புறப்பட்டு வருகிறதோ, ஒன்றிரண்டாவது வந்துவிடும். குப்பையில் போட மனசு வரவில்லை. எடுத்து விரலில் சுற்றி, ஒரு காலி டப்பாவில் போட்டு மூடி வைப்பான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வராமல் போய்விடுமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. துவைத்து முடித்ததும் மெஷின் ஒரு பாட்டுப் பாடும். "வரேன், வரேன், கத்தாதே" என்று அவள் அடுக்களையிலிருந்து அதற்குப் பதில் சொல்லுவாள். இப்போதும் பாட்டு நின்றதும் அவன் ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான்.

அவளுக்கு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அடுக்களையில் 'இல்லை', 'தீர்ந்துபோச்சு' என்று வாயைத் திறக்கக் கூடாது. எது காலியானாலும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அவன் வேலையில் இருக்கும்போது கூப்பிட்டு, "அரிசி நிறைஞ்சிருக்குங்க" என்றாள். இதைச் சொல்லவா மெனக்கெட்டு போன் செய்தாள், பாவம், புது இடத்தில் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று ராத்திரி இரண்டு பேரும் காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, விக்கலெடுக்கச் சிரித்தார்கள்.

மகள் கதை வேறு. வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். பிறந்தது இந்த வெளிநாட்டில், தமிழ் முழுக்க அம்மா வாயிலிருந்து வந்தது. ஆகவே காலி என்பதற்குத் தமிழில் 'நிறைஞ்சிருக்கு' என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆளில்லாத பஸ்ஸைப் பார்த்து நிறைஞ்சிருக்கு என்பாள். எதிர்வீட்டுப் பெரியவர் தலையில் முடி நிறைஞ்சிருக்கு என்று ஒருநாள் சொன்னபோது, அவள் அம்மா லிஃப்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். திருத்த வேண்டாம், அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவோடு இருந்த சாயங்காலம், "ஏதாவது வேணுமா?" என்று அவன் கேட்டான். அவள் தலையை மெல்ல அசைத்து, "எனக்கு நிறைஞ்சிருக்குங்க" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். வாழ்ந்தது போதும், மனசு நிறைந்துவிட்டது என்றாளா, இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்றாளா? பாத்திரம் தேய்க்கும்போது, இஸ்திரி போடும்போது, குழந்தையின் சாக்ஸுக்கு ஜோடி தேடும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை அவன் பின்னாலேயே நடந்து வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை அக்கா போனில் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஊரில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வாலுவை அவளிடம் அனுப்புவதா வேண்டாமா என்று இன்று முடிவாகச் சொல்லியாக வேண்டும். அக்கா கெட்டவள் இல்லை. தம்பி வேலைக்கும் போய்க்கொண்டு ஒண்டியாக அல்லாடுகிறானே என்று அங்கே தூக்கம் வராமல் புரள்பவள். அவன் சட்டையை இஸ்திரிப் பலகையில் விரித்தபடி மெஷினையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் வந்தது. வாலுதான் எடுத்தாள். படிப்பு, பல், தோழிகள் எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டில் சமைக்க என்னவெல்லாம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள் அக்கா. அவனுக்குப் பகீரென்றது. அந்த வாரம் கடைக்குப் போக அவனால் முடியவில்லை. வாலு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள்.

"அரிசி நிறைஞ்சிருக்கு அத்தை. பருப்பு நிறைஞ்சிருக்கு. சக்கரையும் நிறைஞ்சிருக்கு."

அக்காவும் அந்தச் சட்டம் தெரிந்தவள்தானே, காய்ந்த ரொட்டிக் கதையைக் கேட்டுச் சிரித்தவள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவனைக் கூப்பிட்டாள். அவன் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"என்னடா இது? புள்ளைய என்கிட்ட விட்டுடுடா. அம்மா இல்லாத வீட்ல அது எப்படி..."

"அத்தை," என்று வாலு குறுக்கே பேசினாள். குரலில் கோபம் இல்லை. தவறாகப் பேசிய குழந்தையைத் திருத்துகிற மாதிரி இருந்தது. "அப்படிச் சொல்லக் கூடாது. அம்மா நிறைஞ்சிருக்காங்க."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையை விட்டு விலகினாள். அவள் வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம் ஓங்கி, தணிந்து, பாட்டாக மாறியது. பாட்டு நின்றதும் வாலுவும் அவனைப் போலவே அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பியதை அவன் பார்த்துவிட்டான். இத்தனை நாளும் தான் ஒருவன் மட்டும்தான் காத்திருப்பதாக அவன் நினைத்திருந்தான்.

அப்புறம் பேசுகிறேன், யோசித்துச் சொல் என்று அக்கா வைத்துவிட்டாள். வாலுவும் போய்விட்டால் இந்த வீடு ஒரேயடியாக நிறைந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கடைக்குப் போகும் பையை எடுத்துக் கதவின் பிடியில் மாட்டினான். பிறகு வழக்கம்போல மெஷின் முன்னால் மண்டியிட்டு வடிகட்டியைத் திருகினான்.

தண்ணீர் வந்தது. நூல் வந்தது. விரலை உள்ளே விட்டுத் துழாவினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திரும்பவும் துழாவினான். வாலு முடி டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். டப்பா எங்கே இருக்கிறது என்று அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

"அம்மா முடி இருக்காப்பா?"

அவன் ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். நாக்கு நுனி வரை வந்த 'இல்லை'யை விழுங்கினான்.

"நிறைஞ்சிருக்கு வாலு," என்றான்.

வாலு தலையாட்டினாள். டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மெஷினுக்குள் கையை விட்டு, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி அவனிடம் நீட்ட ஆரம்பித்தாள்.