போசரியின் வியாழக்கிழமை

துரைசாமிக்கு இன்ஜினியரிங் காலேஜ் என்றாலே இளக்காரம். வீடு நிக்டியில், பட்டறை போசரி தொழிற்பேட்டையில். தினமும் ஸ்கூட்டரில் போகிற வழியில் அந்தப் பெரிய காலேஜின் காம்பவுண்டுச் சுவர் வெகுதூரம் கூடவே வரும். "நாலு வருஷம் போர்டையே பாத்துட்டு வந்து, ஸ்பானர் எது ஸ்க்ரூடிரைவர் எதுன்னு நம்மளையே கேப்பானுங்க" என்று மனைவி சரசாவிடம் சொல்வார். சரசா கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் உம் கொட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அந்த இளக்காரத்தைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்தவரில்லை அவர். கோயமுத்தூர் பீளமேட்டிலிருந்து இந்த வடக்கத்தி ஊருக்கு லேத் டர்னராக வந்து, சொந்தப் பட்டறை போட்டு, பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்றுக்கு போல்ட் செய்து கொடுக்கிற அளவுக்கு உயர்ந்தவர். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அந்தப் பட்டறையை நம்பி இருந்தன. தொண்ணூற்றேழாம் வருஷம் மழைக்காலத்தில் அந்த போல்ட்டுகளுக்கு என்ன கேடு வந்ததோ, தலை கழன்று விழ ஆரம்பித்தன. முடுக்கும்போது ஒன்றும் ஆகாது, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொட்டால் தலை தனி, உடம்பு தனி. எல்லாப் பெட்டியிலும் அப்படி இல்லை, சில பெட்டிகளில் மட்டும்தான்.

கம்பெனியில் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். அடுத்து அனுப்பும் சரக்கில் ஒரு தலை விழுந்தாலும் அதுவே கடைசி. அந்த ஒரு கம்பெனியை விட்டால் துரைசாமிக்கு வேறு வாடிக்கை கிடையாது. பட்டறையை மூடவேண்டியதுதான்.

பயந்த மனுஷன் முதலில் தேடுவது பழி போட ஓர் ஆளை. துரைசாமி இஸ்மாயிலைப் பிடித்தார். இஸ்மாயில் ஆம்பூர்க்காரர், அடுத்த சந்தில் உலை வைத்திருப்பவர். போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி உறுதி ஏற்றுவது அவர் வேலை. போசரியில் கால் வைத்த நாளிலிருந்து இருவருக்கும் சிநேகம். மாலை டீக்கு ஒருவர் வராவிட்டால் மற்றவர் குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "பாய் பதத்தை விட்டுட்டாரு, அதான் உடையுது" என்று சொல்லிவிட்டார் துரைசாமி. என் உலையில் தப்பில்லை துரை என்று மட்டும் சொல்லிவிட்டு இஸ்மாயில் எழுந்து போனார். வேலை வேறோர் உலைக்குப் போயிற்று. அங்கே பதமான போல்ட்டிலும் தலை விழுந்தது. அப்போதாவது புத்தி வரவேண்டாமா? வந்தது. அதை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். ஸ்ரீவித்யா என்று பெயர். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காலேஜில் உலோகவியல் லெக்சரர். அப்பா பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர், இவள் பிறந்து வளர்ந்தது இங்கேயே, வீடு ஔந்தில். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, கைனடிக் ஸ்கூட்டரில் பட்டறை பட்டறையாகப் போய் அவள் கேட்டது ஒரே கேள்விதான். இந்த வாரம் என்ன உடைந்தது? உடைந்த கியர், விரிந்த ஸ்பிரிங், வெடித்த பைப் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். காலேஜ் லேபில் பிள்ளைகள் அதை அறுத்துப் பார்ப்பார்கள். புத்தகத்தில் இருக்கிற பழைய உதாரணங்களை விட்டு, வாசலில் உடைகிறதைப் படிக்கட்டும் என்று அவள் கிளப்பிய ஏற்பாடு அது. போசரிக்காரர்கள் அவளுக்கு பங்கார்வாலி, அதாவது பழைய இரும்புக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ளவில்லை.

துரைசாமி தலை விழுந்த போல்ட்டுகளை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். ஆளைக் கிளப்பிவிட்டால் போதும் என்றுதான் கொடுத்தார்.

மறு வாரமே திரும்பி வந்தாள், இரண்டு மாணவர்களோடு. இரும்பு நல்ல இரும்பு, பதமும் சரியான பதம் என்றாள். கோளாறு முலாமில் இருந்தது. துரு பிடிக்காமல் இருக்க போல்ட்டை வெளியே முலாம்காரரிடம் கொடுத்து ஜிங்க் முலாம் போடுகிறார்கள். முலாம் தொட்டியில் இருக்கும்போது ஒரு வாயு இரும்புக்குள் புகுந்துகொள்ளும். தொட்டியிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து அதை விரட்டிவிடவேண்டும். விட்டுவைத்தால் உள்ளேயே இருந்து இரும்பை நொறுங்க வைத்துவிடும்.

துரைசாமிக்குச் சுருக்கென்றது, முதலில் இஸ்மாயிலை நினைத்து, அப்புறம் தன் தொழிலை நினைத்து. "ஏனுங்க, அது எனக்குத் தெரியாதுங்களா? தினம் சாயங்காலம் முலாம் போட்டு வந்ததும் ஓவன்ல வெக்கறமுங்க" என்று ஓவனையே திறந்து காட்டினார். அவள் மறுத்துப் பேசவில்லை. மாணவர்களைப் பட்டறையில் நிறுத்தி, திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் முலாம் வருவதையும் ஓவன் எரிவதையும் பார்க்கச் சொன்னாள். அவர் சொன்னது உண்மைதான். திங்கட்கிழமைச் சரக்கும் செவ்வாய்க்கிழமைச் சரக்கும் அவர்கள் கண்முன்னே அன்றன்றைக்கே ஓவனுக்குப் போயின. புதன் சாயங்காலம் பட்டறை சீக்கிரம் அடைத்துவிட்டதால் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்தும் ஒரு தலை விழவில்லை. ஸ்ரீவித்யா குழம்பிப் போய், புதன் ராத்திரியே நாளைக்கும் வந்து பார்க்கலாமா என்று போனில் கேட்டாள்.

துரைசாமி சிரித்துவிட்டார். நாளை வியாழக்கிழமை. போசரிக்கு வாராந்தர லீவு. பட்டறைகளுக்குக் கரண்டும் வராது, ஈ காக்கையும் இராது என்றார். இதுகூடத் தெரியாமல் என்ன வாத்தியாரம்மா என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் அவள் திங்கள், செவ்வாய் என்று முணுமுணுத்து எண்ணினாள். பிறகு தன் தடுமாறும் தமிழில் மெதுவாகக் கேட்டாள். "அப்ப இன்னிக்கி புத்வார், புதன்கிழமை வந்த மால்... அது எப்ப ஓவன்ல போகும் அங்கிள்?"

"அது வெள்ளிக்கிழமை காலைல மொதல் வேலையா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. போசரியில் வியாழக்கிழமையை யாரும் ஒரு நாளாகவே எண்ணுவதில்லை. புதனுக்கு அடுத்தது வெள்ளி, அவ்வளவுதான். அவளுக்கோ லீவு என்றால் ஞாயிறு, அதனால் அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. புதன்கிழமைப் பெட்டிகள் இரண்டு இரவும் ஒரு பகலும் வாயுவை வயிற்றில் வைத்துக்கொண்டு மூலையில் கிடந்திருக்கின்றன. அவ்வளவு காலமும் இரும்பைத் திட்டி, மழையைத் திட்டி, கடைசியில் இஸ்மாயிலையும் திட்டியாயிற்று.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துக்குத்தான் வழியில்லை. புதன்கிழமை முலாமை நிறுத்தினால் சொன்ன தேதிக்குச் சரக்குப் போகாது. போகாவிட்டாலும் கம்பெனி கைவிட்டுவிடும். அன்றைக்கு முலாம் வருவதே சாயங்காலம்தான், அது ராத்திரி முழுக்க வெந்து முடிவதற்குள் கரண்டு போய்விடும். துரைசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வழியைத் திறந்தது காலேஜ்தான். அங்கே வருவது வீடுகளுக்கான லைன், வியாழக்கிழமையும் கரண்டு உண்டு. லேபில் ஒரு பெரிய ஓவன் இருந்தது. வருஷத்தில் இரண்டு முறை, பிராக்டிகல் பரீட்சைக்கு மட்டும் சூடாகும். ஸ்ரீவித்யா துரைசாமியைக் கையோடு பிரின்சிபாலிடம் கூட்டிப் போனாள். வாசுதேவன் என்கிற அந்த மனிதர், வெளி ஆள் சரக்கு உள்ளே வந்தால் யார் பொறுப்பு, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். கடைசியில் அவர் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுத்தி நாலா பக்கமும் பட்டறை. நடுவுல நாம ஓவனுக்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்கோம். இதை முன்னாடியே யாராவது கேட்டிருக்கணும். இந்த புதன்கிழமையே ஆரம்பிங்க."

துரைசாமி எழுந்து நின்று கும்பிட்டார். யாரையும் அவ்வளவு லேசில் கும்பிடுகிற ஆள் இல்லை அவர்.

புதன்கிழமை சாயங்காலம் போல்ட் தட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். காலேஜ் வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டார். லேப் வாசலில் மாணவர்கள் கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே ஓவனுக்கு முன்னால், சூடு காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்தபடி இஸ்மாயில் நின்றிருந்தார். வெகுநாள் சும்மா கிடந்த ஓவன் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது, சரிபண்ணித் தர ஆள் வேண்டும் என்று ஸ்ரீவித்யாதான் கூப்பிட்டிருந்தாள். இவர்கள் சண்டை அவளுக்குத் தெரியாது.

துரைசாமி தட்டோடு அவர் பக்கம் போனார். அன்று அத்தனை பேர் முன்னால் பழி சொன்னோம், இத்தனை பேர் முன்னால்தான் திருப்பி எடுக்கவும் வேண்டும் என்று பட்டது.

"பாய், உங்க உலைல தப்பில்லீங்க. தப்பு பூரா என்னோடது. அன்னிக்கு டீக்கடைல நான்..."

இஸ்மாயில் தட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "பேச்செல்லாம் அப்புறம் துரை. முலாம் போட்டு எவ்ளோ நேரமாச்சு? மொதல்ல உள்ள வெக்கலாம்."

வெள்ளிக்கிழமை சரக்கு போயிற்று. கம்பெனியில் முடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை போன் வந்தபோது சரசா, முலாம்காரர், பட்டறை ஆட்கள் எல்லோரும் துரைசாமி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூட விழவில்லை. தொடர்ந்து அனுப்பச் சொல்லிவிட்டு, என்ன செய்தீர்கள் என்றும் விசாரித்தார்கள், இன்னும் சில பட்டறைக்காரர்களுக்கும் இதே தொல்லையாம். புதன்கிழமை எங்கள் காலேஜுக்கு வரச்சொல்லுங்கள், கொஞ்சம் முன்னாலேயே வந்து வரிசையில் நிற்கட்டும் என்றார் துரைசாமி. எங்கள் காலேஜ் என்று அவர் சொன்னதைச் சரசா மட்டும்தான் கவனித்தாள்.

போனை வைத்த கையோடு, இன்னும் பதம் போடாத போல்ட் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனார். இஸ்மாயிலின் கொட்டகையில் நிற்க இடமில்லை. யார் யாருடைய இரும்போ கதவு வரைக்கும் நெருக்கி அடுக்கியிருந்தது. உலைக்குப் பக்கத்தில் இடது சுவரோரம் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது. துரைசாமியின் பெட்டிகளை எப்போதும் இறக்குகிற இடம் அது. மாதக்கணக்காக அங்கே இஸ்மாயில் வேறெதையும் வைத்திருக்கவில்லை.

துரைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் இறக்கினார்.