ஒரே ஆள்தானா வைரக்கண்ணு?

தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டர் அறையின் கதவை ஆனந்தவல்லி தள்ளிய வேகத்தில் சுவரில் தொங்கிய காலண்டர் கழன்று விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த அவள் புருஷன்தான் குனிந்து எடுத்து, பழையபடி ஆணியில் மாட்டினான். அப்படிப்பட்ட மனுஷன் அவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.

"எங்க வயலை யாரைக் கேட்டுத் துரைராசு மாமா பேருக்கு மாத்துனீங்க?"

துணைத் தாசில்தார் செல்லதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். "நாங்க எதையும் மாத்தலம்மா. சிஸ்டம் மாத்தியிருக்கு."

சிஸ்டமாம்! ஆறு மா, ரெண்டு ஏக்கர் நிலம் அது. கல்யாணத்துக்குப் போட்ட நகையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் விற்று, புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் முதுகொடிந்து அனுப்பியதையும் சேர்த்து, அவன் பேருக்குக் கிரயம் பண்ணிய வயல். பத்திரம் அவள் பையில் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நாற்று பறித்து நடுகிற பருவத்தில் நிற்கிறது. அன்று காலையில் நடவாளைக் கூட்டிக்கொண்டு போனால், புருஷனின் சித்தப்பா துரைராசு மடையை அடைத்துவிட்டு வரப்பில் நிற்கிறார். "இது என் பட்டாவுல இருக்கு, ஒருத்தரும் காலை வைக்கக் கூடாது" என்கிறார். செங்கல் சூளைக்காரனிடம் விலை பேசி அச்சாரமும் வாங்கியாயிற்றாம். வருகிற வெள்ளிக்கிழமை பத்திரம் பதிகிறார்களாம். மண்ணை வெட்டிச் சூளையில் வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டு வயலைத் திருப்பித் தரும்?

"பட்டாதாரர் பேரைச் சொல்லுங்க" என்றார் செல்லதுரை.

புருஷன் பேரை ஆனந்தவல்லி இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு ஆபீசே கேட்கிற மாதிரி சொன்னாள். "வைரக்கண்ணு. தகப்பனார் நடராசன்."

செல்லதுரை தட்டிப் பார்த்தார். "இருக்கே. வைரக்கண்ணு, தகப்பன் பேரு நடராசன். போன மாசியில இறந்துட்டாரு. உயில்படி எல்லாம் மகன் துரைராசு பேருக்குப் போயிருக்கு. சரியாத்தானே இருக்கு?"

"அது இவரோட தாத்தாங்க!"

அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வைப்பார்கள். நடராசன் மகன் வைரக்கண்ணு. அவருக்கு மூத்தவன் நடராசன். அந்த நடராசனுக்குப் பிறந்தவன் மறுபடி வைரக்கண்ணு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேரும் ஒன்று, தகப்பன் பேரும் ஒன்று. இதனால் ஊரில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை. பெரியவர் யார் சின்னவர் யார் என்று ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். பெரியவர் எப்போதோ பாகம் பிரித்து மூத்த மகனைத் தனியே அனுப்பிவிட்டார். தன் பங்கு நிலத்தையும் குடியிருந்த வீட்டையும், கூடவே இருந்து கஞ்சி ஊற்றிய இளையவர் துரைராசுவுக்கு எழுதிவைத்தார். அதில் ஆனந்தவல்லிக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

வினை வந்தது வேறு இடத்தில். பழைய பதிவுகளைப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது, ஒரே ஊரில் ஒரே பேரும் ஒரே தகப்பன் பேருமாக இரண்டு பட்டா இருந்தால், இரட்டைப் பதிவு என்று ஒன்றாகச் சேர்த்துவிடச் சொல்லி உத்தரவாம். ஒரு ஆளையாவது நேரில் கூப்பிட்டுக் கேட்டார்களா? சேர்த்துவிட்டார்கள். பேரன் வாங்கிய வயல் தாத்தாவின் பட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியவர் செத்ததும் உயிலோடு வந்த துரைராசு, அப்பன் சொத்தோடு அண்ணன் மகன் சொத்தும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். ஐயையோ, இது எங்கள் பையனுடையதாச்சே என்று ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுஷன்? எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போய்விட்டார்.

"தப்பு உங்களுது. நீங்களே திருத்துங்க."

"என் இஷ்டத்துக்கு முடியாதும்மா. இப்ப பட்டாதாரர் துரைராசு. அவரு சம்மதிச்சு எழுதிக் குடுத்தா உடனே பிரிச்சுடலாம். இல்லேன்னா ஆர்.டி.ஓ.கிட்ட அப்பீல் போங்க."

"எடுத்தவர்கிட்டயே போயி, எடுத்தேன்னு எழுதிக் குடுங்கன்னு நான் கெஞ்சணுமா?"

"வல்லி, மெதுவாப் பேசு" என்று புருஷன் அவள் முழங்கையைத் தொட்டான்.

"நீங்க மெதுவாப் பேசிப் பேசித்தான் நம்மள செத்த பொணமாக்கி வச்சிருக்காங்க!"

அந்த நேரம் பார்த்துத்தான், சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி கமருன்னிஸா கையில் டேப்லெட்டோடு அவளிடம் வந்தார். கம்ப்யூட்டர் பட்டாவைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறாராம். "இந்த ஏற்பாட்டுல உங்களுக்கு எது ரொம்ப முக்கியமாப் படுதுங்க? வேகமா? செலவு குறைவா? வீட்டுல இருந்தே பாக்கலாங்கறதா?"

செல்லதுரை முந்திக்கொண்டார். "வேகம்னு போட்டுக்குங்க மேடம். முன்னெல்லாம் பட்டாவுக்கு மாசக்கணக்கா அலைவாங்க. இப்ப ரெண்டே நிமிஷம்!"

"ஆமாமா, என் வயலு போறதுக்கு அந்த ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது!" ஆனந்தவல்லி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்கம்மா. போட்டது போட்ட இடத்துல இருக்கணும். ஒருத்தரோடதைத் தூக்கி இன்னொருத்தர் கணக்குல தள்ளக் கூடாது. ரெண்டு பேருன்னா ரெண்டு பேராவே இருக்கணும். தப்பு வந்துட்டா, தப்புதான்னு ஒத்துக்கிட்டுப் பழையபடி திருப்பத் தெரியணும். வேகம் என்னாங்க வேகம்? விதைவிட்டு அறுக்கறவரைக்கும் காத்துக் கெடக்கறவங்க நாங்க. பட்டா ஒரு மாசம் கழிச்சு வந்தா செத்தா போயிடுவோம்? எங்களது எங்களதா வந்தாப் போதும்."

கமருன்னிஸா டேப்லெட்டில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவள் சொன்னதற்கு அதில் இடமில்லை. "'மற்றவை'ன்னு போட்டுக்கறேங்க" என்றார் சங்கடமாக.

மற்றவையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க பாரும்மா" என்று செல்லதுரையும் குரலை உயர்த்தினார். "சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் வைரக்கண்ணு ஒரே ஆளுதான். அதுக்கு மேல என்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. போயிட்டு வாங்க."

கதவுவரை போன ஆனந்தவல்லி நின்றாள். "ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இந்த மேடம் சாட்சி."

"எத்தனை தடவை சொல்றது? ஒரே ஆளு!"

அவள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். பையிலிருந்து அவன் ஆதாரை எடுத்து வைத்தாள். "அப்ப அந்த ஒரே ஆளு இவருதான். வைரக்கண்ணு, தகப்பனார் நடராசன், அதே ஊரு. மூச்சு விடறாரு பாருங்க. உசுரோட இருக்கற மனுஷன் சொத்தை உயிலை வச்சு எப்படிங்க இன்னொருத்தருக்கு மாத்துனீங்க?"

செல்லதுரை டீயைக் கீழே வைத்தார். கமருன்னிஸா டேப்லெட்டை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். 

வெளியே மனு எழுதுகிறவரிடம் ஆனந்தவல்லி நின்றபடியே சொல்லச் சொல்ல மனு தயாரானது. பட்டாதாரர் வைரக்கண்ணு உயிருடன் இருக்கிறார். எனவே மாறுதலை ரத்து செய்து, அந்தப் பட்டாவிலுள்ள வயல், கொல்லை, வீட்டுமனை அத்தனையையும் அவர் பேருக்கே திருப்ப வேண்டும். புருஷன் படித்துப் பார்த்துவிட்டு மிரண்டான். "தாத்தா வீடு நமக்கு எதுக்கு வல்லி? பாவம்."

"நம்ம நாத்து முத்திப் போறது பாவமில்லையா? கையெழுத்தைப் போடுங்க."

போட்டான். சென்னை அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது செல்லதுரையால் மனுவைத் தள்ள முடியவில்லை. விசாரணை முடிகிறவரை அந்தப் பட்டாவில் எதையும் விற்கக் கூடாது என்று நிறுத்திவைத்து, வியாழக்கிழமை வரச்சொல்லித் துரைராசுவுக்கு ஆள் அனுப்பினார்.

ஆனந்தவல்லி பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே துரைராசு வீட்டு வாசலுக்குப் போனாள். அவர் பெண்சாதி மங்களாம்பிகை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சட்டி சாமானையெல்லாம் எடுத்துக் கட்டி வையுங்க, சின்னத்தை. இது என் புருஷன் வீடு. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு." மங்களாம்பிகை முறத்தைப் போட்டுவிட்டுப் புருஷனைத் தேடி ஓடினாள்.

வியாழக்கிழமை துரைராசு தோள் துண்டு நழுவுவது தெரியாமல் ஆபீசுக்குள் வந்தார்.

"இது என்னங்க அக்கிரமம்! செத்துப்போன எங்கப்பா உசுரோட இருக்காருன்னு எழுதிக் குடுத்திருக்கா!"

"செத்தது யாரு மாமா?" என்றாள் ஆனந்தவல்லி.

"எங்கப்பா! வைரக்கண்ணு!"

"கொள்ளி வச்சது யாரு?"

"நான்! இந்தக் கையால நான்தான் வச்சேன்!"

"அப்ப இவரு யாரு?"

துரைராசு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே ஆள் என்றால் வீடும் சேர்ந்து போகும். வேறு வேறு ஆள் என்றால் வயலை விட வேண்டும். செல்லதுரையைப் பார்த்தார். செல்லதுரை ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாமா. ஒருத்தரா, ரெண்டு பேரா? ஒருத்தர்னா வீட்டுச் சாவியை எடுங்க."

"ரெண்டு பேருதான்! அவரு வேற, இவன் வேற! இவன் எங்கண்ணன் மவன். போதுமா தாயே?"

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? அங்க எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். நாலு நாளில் சரியாகிவிடும் என்றார் செல்லதுரை. "இப்பவே போடுங்க. நான் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று ஆனந்தவல்லி அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு பட்டாவும் தனித்தனியாகத் திரையில் வந்த பிறகும் அவள் கோபம் தணியவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்து காட்டச் சொன்னாள். பிரித்தது பிரித்தபடி இருந்தது.

துரைராசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மகனின் தோளில் கை வைத்தார். "இதுக்குப் போயி இவ்வளவு ரகளையாடா தம்பி? நான் என்னத்தைக் கண்டேன்? கம்ப்யூட்டர்ல அப்படி இருந்துச்சு."

வைரக்கண்ணு அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

"கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாது சித்தப்பா. உங்களுக்குமா தெரியாது?"

துரைராசு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.