சாவியோவின் வழி

சாவியோவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து ஜெரின் அண்ணன் சைக்கிளைக் கேட்டு வந்தார். சாவியோ என் அண்ணன். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

ஜெரின் அண்ணனுக்கு ராயபுரத்தில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு, அண்ணாநகர் பக்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை சைக்கிளில் பறவை பார்க்கப் போவார். அவர்களுக்கு வழி காட்டியது சாவியோ. வழி காட்டுகிறவனுக்கென்று அந்தக் குழு ஒரு கியர் சைக்கிள் கொடுத்திருந்தது. இரண்டு வருடமாக அது எங்கள் வீட்டு நடையில் நின்றது.

அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. வேற ஒருத்தனப் பாத்திருக்கோம். அவனுக்கு வண்டி வேணும்ல."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு வேற ஒருத்தன்? ஜூடி போவா. அவ அண்ணனோட எத்தினி தபா போய்கீறா தெரிமா?"

மூன்று தடவை போயிருந்தேன்.

"இவ வாயவே தொறக்க மாட்டாளே ஆன்ட்டி."

"வழி காட்ட வாய் எதுக்கு? கை போதும்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கூட்டிப் போகட்டும், சரியாக வந்தால் சைக்கிள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாவதில் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நான் வெளியே போனது அந்த சைக்கிளில் மட்டும்தான். சாவியோ வேலைக்குப் போன பிறகு மதியத்தில் எடுப்பேன். காசிமேடு தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, கடலோரக் கல் மேடு முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்புவேன். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். சாவியோ செத்ததற்கு நான் அழவில்லை. பெட்டியை மூடியபோதும் அழவில்லை. சைக்கிளைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஞாயிறு விடியலில் திருவொற்றியூர் டீக்கடை முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஜெரின் அண்ணன், கழுத்தில் பைனாகுலர் மாட்டிய சைமா அக்கா, பாலகணேஷ் என்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரர், கணவன் மனைவியாக இரண்டு பேர். பாலகணேஷ் என்னைப் பார்த்து, "கைடு எங்க?" என்றார். ஜெரின் அண்ணன் என்னைக் காட்டினார். "ஓ" என்றார்.

நான் முன்னால் போனேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. கிளீனர்கள் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அமோனியா வாடை வருகிற இடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை, பழகியதுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பெரிய குழாய் வளைகிற இடத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கினோம்.

அங்கிருந்துதான் கஷ்டம். தட்டையான நிலம். இடுப்பளவு தண்ணீர், நடுவே மண் கரைகள். ஒரு கரை இரண்டாகும், இரண்டு நாலாகும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பலகை கிடையாது. மழைக்கு மழை கரை மாறுவதால் போன வருடம் வந்தவனுக்கும் தெரியாது. இங்கே வருகிறவர்கள் அனல்மின் நிலையத்துப் புகையை வைத்துத்தான் திசை பார்ப்பார்கள். சாவியோவும் அதைத்தான் சொல்லியிருந்தான்: "மூணு சிம்னி தெரியும். பொக வர்ற சிம்னி வலது தோள் பக்கமே இருக்கணும். அப்டியே போய்க்கினே இரு. எதிர்ல பெரிய தண்ணி வரும், பூநாரை நிக்கும். அதான் இடம்."

மூன்று சிம்னி தெரிந்தது. ஒன்றில் புகை வந்தது. அதை வலது தோளுக்கு வைத்துக்கொண்டு போனேன்.

வழியில் நாலைந்து பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஓலைப் பையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். சைமா அக்கா நின்று போட்டோ எடுத்தார். அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சாவியோவோடு வந்தபோது இந்தப் பெண்கள் இடது பக்கம் இருந்தார்கள். இப்போது வலது பக்கம் இருந்தார்கள். இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். நான் பெடலை மிதித்தேன்.

"மாமு, மேப்புல நாம கடலுக்குள்ள கீறோம்" என்று பாலகணேஷ் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

கால் மணி நேரத்தில் புல் நின்றுபோனது. நிலம் வெளுத்து, சிமென்ட் பூசிய தரை மாதிரி வழவழப்பாக விரிந்தது. ஒரு கொக்குகூட இல்லை.

"எவ்ளோ அழகா இருக்கு! உப்பளமா?" என்றார் சைமா அக்கா.

அது சாம்பல். நிலக்கரிச் சாம்பல் தண்ணீரில் படிந்து, மேலே காய்ந்து, அடியில் சேறாகவே கிடப்பது. எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் கையைத்தான் தூக்கினேன். அதற்குள் பாலகணேஷ் என்னைத் தாண்டி, இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டிக்கொண்டே போனார். முன்சக்கரம் உள்ளே போனது. அவர் பறந்து விழுந்து எழ முயன்றபோது தொடை வரை இறங்கிவிட்டார்.

சைமா அக்கா கத்தினார். ஜெரின் அண்ணன் ஓடப் பார்த்தார்.

"ஏய்! யாரும் போவாத! ஒதறாத நைனா, ஒதறினா இன்னும் உள்ள போவ!"

இறால் பிடிக்கிற பெண்களில் ஒருத்தி, ஈரப் புடவையோடு கரையில் ஓடி வந்தாள். எங்கள் சைக்கிள்களைப் பிடுங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் மேல் படுக்கப் போட்டாள். "அது மேல நெஞ்ச வெச்சிப் படு. காலு தானா வரும். பூட்ஸு போனா போவட்டும்."

பத்து நிமிடத்தில் பாலகணேஷ் ஒரு பூட்ஸோடு வெளியே வந்தார். முகமெல்லாம் வெள்ளை. சிரிக்கப் பார்த்தார், பல் கிடுகிடுத்தது. மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "எத்த வெச்சி இட்டாந்த?"

"பொக" என்றேன்.

"அந்த சிம்னி நின்னு பத்து நாள் ஆவுதே. இது அடுத்த சிம்னி, இன்னிக்கு விடியறப்பதான் பொக வுட்டான். நாலு பேரு தண்ணில குந்திகினு கீறோம், கேட்டா சொல்ல மாட்டோமா? வாயில இன்னா வெச்சினு கீற?"

அவள் திரும்பிப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டாள். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. எல்லோரும் பாலகணேஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெரின் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இல்லை.

"ஜூடி. இந்த வழி சாவியோ சொன்னதா?"

நான் கையில் ஒட்டிய சாம்பலைத் தேய்த்தேன்.

"போன தடவை இப்படி வரலியே. அவன்தான் மழைக்கு அப்புறம் வழிய மாத்திட்டே இருப்பான். புதுசா இதக் கண்டுபிடிச்சு உனக்குச் சொன்னானா?"

என் சைக்கிள் சாம்பலில் படுத்திருந்தது. ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் சைக்கிள் போய்விடும். அதைத்தான் நினைத்தேன், வேறெதையும் நினைக்கவில்லை.

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அதான பாத்தேன்" என்றார். மூச்சை விட்டார். "உன்மேல என்ன தப்பு."

பூநாரை பார்க்காமலே திரும்பினோம். திருவொற்றியூர் டீக்கடையில் பாலகணேஷுக்கு யாரோ ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். டீ உள்ளே போனதும் அவருக்குத் தெம்பு வந்தது.

"ஆளு போயும் நம்மள விடல பாத்தியா. கூடவே கூட்டிட்டுப் போகப் பாத்தான்."

"ச்சே, என்ன பேச்சு இது" என்றார் சைமா அக்கா. அப்புறம் மெதுவாக, "ஆனா அவன் கொஞ்சம் முரட்டுத்தனமான பையன்தான். சேஃப்டியே பாக்க மாட்டான்" என்றார்.

சாவியோ ஒவ்வொரு கரையிலும் இறங்கி, காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவான். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெரின் அண்ணன் குழுவுக்கு போனில் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். சாவியோ போட்ட வழி ஆபத்தானது, இனி யாரும் அந்த வழியில் போக வேண்டாம், ஜூடி வேறு வழி பார்த்து வைப்பாள். "சரிதானே?" என்று கேட்டார். "வண்டிய நீயே வெச்சுக்க."

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கழுவினேன். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றியும் செயினுக்குள் இருந்த சாம்பல் முழுதாகப் போகவில்லை. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நமக்குத்தானா?"

"நமக்குத்தான்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாவியோவப் பத்தி எதுனா பேசினாங்களா?"

"பேசினாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"நல்ல பையன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவன மாதிரி வழி தெரிஞ்சவன் யாரும் இல்லைன்னு சொன்னாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் அப்பா ஹார்பரிலிருந்து வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதற்குள், "அப்பாகிட்ட சொல்லுடி, அவங்க சொன்னத சொல்லு" என்றாள் அம்மா. அப்பா ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு, திரும்பாமல் நின்றார். நான் மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை குரல் நன்றாக வந்தது.