ஒன்பதாவது தொடுதல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒட்டுக்கேட்டேன். என் மனைவி கடல் உயிரின ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அதிகாரி. ஆமையையோ திமிங்கிலத்தையோ ஆராய்ச்சிக்காகத் தொட வேண்டுமென்றால் முதலில் அந்த அலுவலகத்தில் படிவம் கொடுத்தாக வேண்டும். ஆமைகள் இவள் பொறுப்பு. ஒரு நாள் சாப்பிடும்போது ஓர் ஆராய்ச்சிக்காரி தொலைபேசியில் அழைத்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். பேசி முடித்ததும், இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நான் பேசுறது மூணு தடவைக்கு மேல வரக்கூடாது." (1)

[அடைப்புக்குறிக்குள் இருப்பது கணக்கு. அனுமதி கொடுத்ததிலேயே ஒன்று போய்விட்டது.]

2

முதல் தொடக்கம்: அலைகள் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், டால்பின்கள் துள்ளி

இதற்குள் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

"டால்பினுக்கு வேற படிவம், வேற மாடி.* ஆமைக் கதையில அதுக்கென்ன வேலை?" (2)

இரண்டாம் தொடக்கம்: அந்தக் கல்நெஞ்சக்கார அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்து

இதை நானே அடித்துவிட்டேன். நாளைக்கும் இதே வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

(* டால்பினும் திமிங்கிலமும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை, ஆமை முட்டையிடுவது. ஆகவே தனித்தனிப் பிரிவு. இது நானே தெரிந்துகொண்டது, கணக்கில் சேராது.)

3

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்த ஆராய்ச்சிக்காரிக்கு அலுவலகத்தில் ஆமையம்மா என்று பெயர். ஒரு விரிகுடாவில் பகலில் வலை போட்டு ஆமை பிடிப்பாள். அளந்து, ஓட்டின் மேல் சிறு கருவி ஒன்றை ஒட்டி, திரும்பக் கடலில் விட்டுவிடுவாள். அது போகுமிடமெல்லாம் கருவி தகவல் அனுப்பும்.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்: எத்தனை ஆமைகள்? எட்டு என்று எழுதினாள். ஒவ்வொன்றையும் எத்தனை முறை தொடுவீர்கள்? ஒரு முறை. நானாக இருந்தால் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று போட்டிருப்பேன். அவளுக்கு ஆமையைத் தொந்தரவு செய்ய மனமில்லை. ஆக, அனுமதிச் சீட்டில் மொத்தம் எட்டுத் தொடுதல்.

முதல் நாள் ஓர் ஆமை சிக்கியது. கருவியை ஒட்டி விட்டாள். மறுநாளும் அதே ஆமைதான் வந்தது. வலையை இடம் மாற்றிப் போட்டார்கள். அங்கேயும் அதுவே முதல் ஆளாக வந்து விழுந்தது. படகோட்டி அதற்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தார். வலையிலிருந்து எடுத்து விடுவதும் தொடுதல்தான். முந்திரிக்கொட்டைக்கு ஐந்து, மற்ற மூன்று ஆமைகளுக்கு மூன்று என்று எட்டும் தீர்ந்துபோனது.

அதற்கு அடுத்த நாள் பார்த்து விரிகுடாவில் பெரியவள் தலைகாட்டினாள். ஓட்டில் பிறை போல வெட்டுப்பட்ட கிழட்டு ஆமை. ஆமையம்மா மூன்று வருடமாகக் காத்திருந்தது இவளுக்காகத்தான். வருடத்தில் ஒரு வாரம்தான் விரிகுடாவில் இருப்பாள், இந்த முறை சனிக்கிழமைக்குள் போய்விடுவாள். எங்கே போகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

"நாலு தடவையை எழுதாம விடு தங்கச்சி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் படகோட்டி.

"முந்திரிக்கொட்டைக்குத் தெரியும்ணே."

எட்டையும் குறிப்பேட்டில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை தொட அனுமதி கேட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் பேனாவால் கெட்டாள்.

4

இவ்வளவு நேர்மையான ஆளை யார் நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவளைப் பொய் எழுத வைத்துப் பார்த்தேன். பெரியவளுக்குக் கருவி ஒட்டியாயிற்று, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கதை அரைப் பக்கத்தில் முடிந்தது. கிழித்துப் போட்டேன்.

முறைப்படி அனுமதியைத் திருத்த முப்பது நாள் ஆகும். அவசரத் திருத்தம் என்று வேறொரு காகிதம் உண்டு, அதற்கு என் மனைவியின் கையெழுத்தே போதும். ஆனால் அச்சிட்ட காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'உண்மையைச் சொன்னார்' என்ற காரணம் அதில் இல்லை.

"மாட்டேன்னு சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டாங்க. சரின்னு சொன்னா, எட்டுன்னு நாங்க எதுக்குப் போட்டோம்?" (3)

அந்த வாரம் முழுக்க அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்தாள். செருப்பு நிறைய மணல். அவள் அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது.

"கையெழுத்துப் போட்டியா?"

"ஆபீஸ் விஷயம்." (4)

முதல் முடிவு: கையெழுத்துப் போட்டாள். சாட்சியாகத் தானே படகில் ஏறினாள். பெரியவளின் ஓட்டில் கருவி ஒட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் முடிவு: போடவில்லை. இல்லை என்பதைத் தொலைபேசியில் சொல்வது மரியாதையில்லை என்று நேரில் போய்ச் சொன்னாள். பெரியவள் கடலுக்குத் திரும்புவதை இருவரும் கரையில் நின்று பார்த்தார்கள்.

இரண்டிலும் செருப்பில் மணல் ஏறும். இருபது வருடம் கூட வாழ்ந்தவன் சொல்கிறேன், இரண்டையுமே செய்யக்கூடியவள். செருப்பைத் தட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அதையும் இரண்டு முடிவுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

6

படிவத்தின் கடைசிக் கேள்வி: பிடித்ததை எப்படி விடுவிப்பீர்கள்? அந்த இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எனக்குக் கிடைத்த அனுமதி மூன்று, ஆகிவிட்டது நான்கு. டால்பின் பேச்சை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. கைகூடப் போனது அழிக்க. முந்திரிக்கொட்டையை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்தாள்.

"நாலு இல்ல, இதோட அஞ்சு. உங்களை என்ன பண்றதுன்னு படிக்கிறவங்களையே கேளுங்க." (5)

கேட்கிறேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஐந்தும் மேலே இருக்கின்றன. மன்னிப்பதானால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் எனக்குப் போட்டால் ஆமையம்மாவுக்கும் போட்டாக வேண்டும்.